கோமதியின் பெயரில் ஓர் ஆபரேஷன்

1

வணக்கம் சொல்வதையெல்லாம் செயலாளர் முதல் பக்கத்திலேயே சொல்லி முடித்திருப்பார். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மும்பைக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் ஆளுக்கு நாலு பக்கம் எழுத வேண்டும், அதை இந்த வருஷத்து மலரில் போட்டு ஊரில் வீட்டுக்கு வீடு கொடுப்பது என்று இங்கே இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தில் முடிவு செய்தார்களாம். செயலாளர் தாராவியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அத்தை, நீங்க இங்கன வந்த கஷ்டம், பிள்ளையைப் படிக்க வச்சது, இப்ப மக ஜெர்மனியில இருக்கது, எல்லாத்தையும் எழுதுங்க. ஊருல படிச்சுட்டுப் பெருமைப்படுவாவ."

"யாரு பெருமைப்படுவா? நான் வந்த புதுசுல செத்தேனா இருக்கேனான்னு ஒரு கார்டு போட ஆளில்லாத ஊரு. அது இப்ப என்னையப் பாத்துப் பெருமைப்படப் போவுதா? நீ போயிட்டு வா."

அனுப்பிவிட்டேன். பிறகு மூன்று வாரம் கழித்து நானே சங்கத்துக்கு நடந்துபோய், அந்த நாலு பக்கம் எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். ஏன் கேட்டேன் என்று கடைசியில் தெரியும். நான் நாலாம் வகுப்பு படித்தவள். பிழை இருந்தால் செயலாளர் திருத்தட்டும். பிழையைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன்.

2

எனக்கு ஒரே மகள். உமா. முப்பத்திநாலு வயது. ஜெர்மனியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறாள்.

ஜெர்மனிக்காரனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத் தாராவியிலிருந்து ஆள் போக வேண்டுமா என்று நீங்கள் சிரிப்பீர்கள். நானும் கேட்டேன். அங்கேயும் ஆபீஸ் வேலைக்கு இங்கிலீஷ் வேண்டுமாம், அவர்களுக்கும் அது இன்னொருத்தர் பாஷைதானாம். இந்த ஊரில் இறங்கியபோது ஒரு சொம்புத் தண்ணீர் கேட்க எனக்கு இந்தி தெரியாது. குழாயடியில் சாடை காட்டி நின்றிருக்கிறேன், சிரித்திருக்கிறார்கள். அதனால் இன்னொருத்தர் பாஷையைக் காசு கொடுத்துப் படிக்கிறவர்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன்.

உமாவுக்கு முதலாளி என்று ஒருவர் கிடையாது. திங்கட்கிழமை ஒரு கம்பெனி, செவ்வாய்க்கிழமை ஒரு மாலை வகுப்பு, நடுவில் இரண்டு வீடு. வகுப்பு எடுத்தால் கூலி. மாணவன் வரவில்லை என்றால் அன்றைக்கு ஒன்றுமில்லை. இதற்கு ஃப்ரீலான்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பெயர் புதிது, வேலை புதிதில்லை. முப்பது வருஷம் தாராவியில் ஒரு சட்டைப் பட்டறைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்தேன். தைத்தால் உண்டு, விரல் வீங்கிப் படுத்தால் இல்லை. என் மகள் விமானம் ஏறிப் போய்ச் சேர்ந்ததும் அதே பீஸ் வேலையில்தான்.

அங்கே தங்குகிறவர்களுக்கு உடம்புக்கு இன்சூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் குடித்துக்கொள்கிறேன் என்று சொன்னால் விடமாட்டார்கள். மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்களுக்குத் தொல்லை இல்லை, வேலையோடு இன்சூரன்ஸும் வந்துவிடும், உடம்பைப் பற்றிக் கேள்வி கிடையாது. உமா மாதிரி வெளியிலிருந்து வந்து நாலு இடத்துக்கு ஓடுகிறவர்கள் அதில் சேர முடியாதாம். தனியார் கம்பெனியில் தானே தேடி எடுக்க வேண்டும். போன புதிதில், சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் எடுக்கிற மாதிரி ஒன்றை எடுத்துப் போயிருந்தாள். அப்போது அதுவே போதும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது விசாவை நீட்டிக்கப் போனால், இது செல்லாது, எல்லா வைத்தியத்துக்கும் முழுசாக உள்ள இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு வா என்று ஆறு வாரம் தவணை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். காகிதம் கொண்டு போகாவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"வந்துரு. இங்கன உனக்குச் சோறு இல்லையா?" என்றேன்.

"சோறு இருக்கும்மா. நான் அங்க இருக்க முடியாது."

இந்தப் பதிலுக்கு யாரும் எனக்கு வியாக்கியானம் சொல்ல வேண்டாம். ஊரைவிட்டு வந்த அன்றைக்கு என் அம்மாவிடம் நான் சொன்னதும் இதைத்தான். மகள் கைவிட்டுப் போய்விட்டாள், தமிழ்கூட எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள் என்று ஊரில் பேசுவது எனக்கு எட்டியிருக்கிறது. ஆமாம், படிக்க மாட்டாள். நான்தான் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட்டேன். இதையும் அவள் படிக்கப் போவதில்லை. படிக்க வேண்டியவர்கள் வேறே இருக்கிறார்கள்.

3

தனியார் கம்பெனிக்காரன் சும்மா சேர்ப்பானா? ஒரு கேள்வித்தாள் அனுப்பினான். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இத்தனை கேட்க மாட்டார்கள். உமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஒவ்வொன்றாகப் படித்தாள். அவளுக்குக் காலை, எனக்கு மத்தியானம். நான் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நம்ம வீட்டுல யாருக்காச்சும் சர்க்கரை இருக்கா?"

"உங்கப்பாவுக்கு இருந்துச்சு. அவன் என்ன, செத்தவருக்கும் சேத்தா இன்சூரன்ஸ் குடுக்கப் போறான்?"

"பல்லு எத்தனை விழுந்திருக்குன்னு கேக்குறாங்க."

"நீ என்ன சந்தைக்கு வந்த மாடா, பல்லைப் பிடிச்சுப் பாக்க?"

சிரித்தாள். "மனசு சரியில்லன்னு டாக்டரைப் பாத்தது உண்டான்னு ஒரு கேள்வி."

"இந்தத் தாளைப் படிச்சபொறவுதான் பாக்கணும்னு எழுது."

இன்னும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"டாக்டர் செக்கப்பும் ஆயிருச்சும்மா. நெஞ்சுல இருக்கிற தழும்பைப் பாத்துட்டாரு. என்ன ஆபரேஷன், எந்த ஆஸ்பத்திரி, உள்ள என்ன வச்சு அடைச்சிருக்காங்க, எல்லாத்துக்கும் பேப்பர் வேணுமாம். மறைச்சா பின்னால கண்டுபிடிச்சு இன்சூரன்ஸையே ரத்து பண்ணிருவாங்க. பேப்பர் குடுக்காம ஒரு கம்பெனியும் சேத்துக்காது. நம்மகிட்ட இருக்கா?"

சுளகு என் கையிலேயே நின்றுவிட்டது.

"பேப்பர் இருக்கு. உன் பேருல இல்ல."

"தெரியும்," என்றாள். "நான்தானே பத்தொன்பது நாள் கோமதியா இருந்தேன்?"

4

கோமதி யாரென்று ஊரில் இருக்கும் சின்னவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். என் வீட்டுக்காரருடைய தம்பியின் மகள். அவளைப் பெற்ற தங்கம் எனக்கு ஓரகத்தி. எனக்கும் தங்கத்துக்கும் ஒரே வருஷத்தில் பிள்ளை பிறந்தது. எனக்குப் பல வருஷம் காத்திருந்து, அவளுக்குக் கல்யாணமான வருஷமே. அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டாமல் இருந்ததில்லை.

என் வீட்டுக்காரர் தோல் பட்டறையில் தினக்கூலி. கொழுந்தன் செம்பூரில் ஒரு பாக்டரியில் நிரந்தர வேலை. இரண்டு பேரும் ஒரே ரயிலில் வந்து இறங்கிய அண்ணன் தம்பிதான். ஒருவருக்குக் கார்டு இருந்தது, ஒருவருக்கு இல்லை. பாக்டரிக்காரர்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரிக்கு உள்ள கார்டு அது. காட்டினால் ஊழியருக்கும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் வைத்தியம், ஆபரேஷன் எல்லாம் இலவசம். அதில் ஊழியருடைய போட்டோ மட்டும்தான் ஒட்டியிருக்கும். மற்றவர்களுக்குப் பெயரும் வயதும் மட்டும்.

எங்கள் சந்தில் அந்த மாதிரிக் கார்டு மூன்று வீட்டில் இருந்தது. முப்பது வீட்டுக்காரர்கள் அந்த மூன்றில்தான் வைத்தியம் பார்த்தோம். பக்கத்து வீட்டில் ஏணி வாங்குகிற மாதிரி வாங்கிப்போய், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஒருத்திக்குப் பிரசவம், ஒருத்தனுக்குக் குடல்வால். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் சொந்தப் பெயரை மறந்துவிட்டுக் கார்டில் உள்ள பெயருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதைத் திருட்டு என்று நாங்கள் நினைத்ததில்லை. இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. பட்டன் தைக்கிறவள் பிள்ளைக்கு நெஞ்சில் ஓட்டை இருக்கக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டிருந்தால் நான் அதை மதித்து நடந்திருப்பேன்.

உமாவுக்கு அப்போது ஒன்பது வயது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஓட்டையை அடைக்காவிட்டால் பெரிய மனுஷியாக மாட்டாள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, கொழுந்தன் நான் கேட்காமலே கார்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"மதினி, உமாவுக்கும் கோமதி வயசுதானே. இதைக் கொண்டு போங்க."

அவர் நல்ல மனுஷர். இதில் அவர்மேல் எந்தக் குறையும் இல்லை.

இரண்டு நாள் பிள்ளையைப் பழக்கினேன். "உன் பேரென்ன?" "கோமதி." "அம்மா பேரு?" "தங்கம்." "அப்ப உமா யாரு?" "எங்க பெரியப்பா மக." "நான் யாரு?" இதற்கு மட்டும் வாய் வரவில்லை. என் முகத்தையே பார்த்தாள். ஒரு தட்டுத் தட்டினேன். "பெரியம்மா," என்றாள்.

ஆபரேஷன் முடிந்து கண் திறக்கும்போது பெற்றவள் மட்டும் பக்கத்தில் இருக்கலாம் என்றார்கள். கார்டுப்படி பெற்றவள் தங்கம். அவள் உள்ளே போனாள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். என் பிள்ளை மயக்கம் தெளிந்து, அம்மா என்று கூப்பிட்டபோது, குனிந்து "என்னம்மா" என்று கேட்டவள் அவள்.

பத்தொன்பது நாள். நான் பாத்திரம் கொண்டுபோய், பாத்திரம் கொண்டுவந்தேன்.

5

தங்கம் அன்றைக்குச் செய்தது உபகாரம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உபகாரம் செய்துவிட்டு அதைக் கல்யாணத்துக்குக் கல்யாணம் பந்தியில் எடுத்துப் பரிமாறினால் யார் பொறுப்பார்? கொழுந்தனுக்கு வேலை போய்விடும் என்று வெளியாட்கள் காதுபட மட்டும் பேசமாட்டாள். சொந்தக்காரர்கள் நடுவில் அவளுக்கு வேறு பேச்சே கிடையாது.

"எம்மவ பேருலதான் உமா பொழச்சா. கண்ணு முழிச்சதும் என்னையத்தான் அம்மான்னு கூப்புட்டா. கேட்டுப் பாருங்க அக்காகிட்ட."

நான் பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருப்பேன். ஒன்றல்ல, இரண்டல்ல, வருஷக்கணக்காக.

இப்படி இருக்கும்போது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கோமதிக்கு ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை சொந்தமாகக் கடை வைத்திருந்தவர். வெற்றிலை மாற்ற நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம், மாப்பிள்ளையின் தாயார் விசாரிக்க எங்கள் சந்துக்கு வந்தார். நேராக என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டார்.

"உங்க குடும்பத்துல ஒரு பிள்ளைக்கு நெஞ்சுல ஆபரேஷன்னு சொல்லுதாவளே. எந்தப் பிள்ளைக்கு?"

அப்போது உமாவுக்கும் நான் இடம் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் ஆபரேஷன் என்றால் யார் எடுப்பார்கள்? அது ஒரு காரணம். அது மட்டும் காரணம் என்று எழுதினால் பொய். கண்ணாடிக் கதவு ஒரு காரணம். பந்தி ஒரு காரணம்.

நான் சொன்னது இதுதான். "ஆஸ்பத்திரிப் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்க. அதுல யாரு பேரு இருக்கோ, அவதான்."

அந்த அம்மாள் போய்த் தங்கத்திடம் பேப்பரைக் கேட்டார். தங்கம் என்ன செய்வாள்? அது உமா என்று சொன்னால், கார்டைக் கடன் கொடுத்த விஷயம் வெளியே போகும். கொழுந்தனுக்கு ரிடையர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. பேசாமல் நின்றாள். வெற்றிலை மாற்றவில்லை.

நான் பொய் சொல்லவில்லை, பேப்பரைத்தான் பார்க்கச் சொன்னேன் என்று பன்னிரண்டு வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உமா எந்த இடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படித்தாள், வேலை பார்த்தாள், போய்விட்டாள். கோமதியை மூன்று வருஷம் கழித்துச் செம்பூரில் ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவரும் ஊர்ப்பக்கத்துக்காரர்தான், கொஞ்சம் வயது கூடியவர்.

6

கொழுந்தன் தவறி ஆறு வருஷமாகிறது. அந்த பாக்டரியையும் மூடிவிட்டார்கள். தங்கம் இப்போது செம்பூரில் கோமதி வீட்டில் இருக்கிறாள். பேப்பரும் அங்கேதான் இருக்கும். உமாவின் ஆறு வாரத்தில் இரண்டு வாரம் நான் யோசித்தே தீர்த்தேன்.

சயானில் பஸ் ஏறினேன். ஒரு பெண் எழுந்து, "பைட்டோ ஆஜி," என்று இடம் கொடுத்தாள். உட்காரவில்லை. வாங்கப் போகிற இடம் ஒன்று போதும், வழியிலும் யாரிடமும் எதுவும் வாங்க வேண்டாம் என்றிருந்தது.

கோமதிதான் கதவைத் திறந்தாள். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. "பெரியம்மா!" என்றாள். உள்ளே கட்டிலில் இருந்து குரல் வந்தது.

"யாரது? கலெக்டர் சம்சாரமா? வழி தெரிஞ்சு வந்துட்டாவளா?"

"வழி தெரியாம இல்ல தங்கம். வேலை இல்லாம வரலை."

"அதானே பாத்தேன். என்ன வேலை?"

நின்றுகொண்டே சொன்னேன். உமாவின் வேலை, விசா, இன்சூரன்ஸ், டாக்டர் கேட்ட பேப்பர். தங்கம் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் சிரித்தாள்.

"பேப்பருல யாரு பேரு இருக்குன்னு பாக்கச் சொன்னீயள்லாக்கா? கோமதி பேரு இருக்கு. கோமதி பேப்பரு உமாவுக்கு எதுக்கு?"

"ஏட்டி தங்கம், அந்தப் பிள்ளை பெட்டியைக் கட்டிக்கிட்டு வரணுமா? அதைத்தான் நெனச்சிருந்தியா?"

"நான் என்ன நெனச்சேன்னு உங்களுக்கு என்ன கவலை? எம்மவ அன்னைக்கு வாசல்ல கோலம் போட்டு வச்சிட்டு உக்காந்திருந்தா. நீங்க வந்து பாத்தீயளா?"

"உனக்கு என்ன வேணும்? சொல்லு."

"கால்ல விழுங்க. விழுந்து, நான்தான் கெடுத்தேன்னு சொல்லுங்க. பேப்பரைத் தாரேன்."

"அம்மா!" என்றாள் கோமதி.

நான் மூத்தவள். இளையவள் காலில் மூத்தவள் விழுவதை நம் பக்கத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்கவும் வேண்டாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். விசா போனால் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றபிறகுதான் யாருடைய விசா என்று உறைத்தது. ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்றும் வந்தது. ஏறவும் முடியவில்லை, அந்தப் படியை மறுபடி ஏறவும் முடியவில்லை.

கோமதி வந்தாள். இஞ்ச் டேப் கழுத்திலேயே இருந்தது. கையில் பழைய எக்ஸ்ரே கவர்.

"இந்தாங்க பெரியம்மா. எல்லாம் இதுக்குள்ள இருக்கு."

"உங்கம்மா குடுக்கச் சொன்னாளா?"

"அம்மா கத்திக்கிட்டு இருக்கா. கத்தட்டும்."

கவரை வாங்கினேன். அவளே பேசினாள்.

"அந்த மாப்பிள்ளை போனதுல எனக்கு வருத்தமில்ல பெரியம்மா. இவரு நல்ல மனுசன்தான். ஊருக்குப் போறதுதான் பெரிய பாடா இருக்கு. ஆபரேஷன் எனக்குத்தான்னு அங்க எல்லாரும் இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்காவ. 'ஏட்டி கோமதி, மெதுவா நட, நெஞ்சு'ங்காவ. கொடத்தைத் தொட விட மாட்டேங்காவ. நான் மச்சுக்கு ஏறுனா எம்மாமியா கீழ நின்னு மூச்சை எண்ணுதா. வீட்டுக்காரருக்கு உண்மை தெரியும். மத்தவங்களுக்கு எல்லாம் ஜாக்கெட்டைக் கழத்திக் காட்டவா முடியும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். அடுத்த நிமிஷம் அவள் கண் நிறைந்துவிட்டது. நான் பஸ் வருகிற பக்கம் பார்த்தேன்.

"சங்கத்து மலரு ஊருல எல்லா வீட்டுக்கும் போவும்லா?" என்றாள். "அதுல எழுதுங்க. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு ஒரு வரி."

"எழுதாட்டி?"

"எழுதாட்டி எழுதாதீங்க. உமாவுக்கு நாள் போயிரும். நீங்க கெளம்புங்க."

தங்கம் போட்டது மாதிரி ஒரு நிபந்தனையை இவளும் போட்டிருந்தால், நான் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன். கவரைக் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸையும் கை காட்டி நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

7

பேப்பரில் இருக்கும் கோமதிதான் உமா என்று சத்தியப் பத்திரம் எழுத மாட்டுங்காவில் ஒரு வக்கீலிடம் போனேன். தமிழ்க்காரர்தான்.

"மாமி, இதை நீங்க யோசிச்சுதான் சொல்றேளா? பொய்ப் பேர் சொல்லி ஆஸ்பத்திரியில சேர்த்தேன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுத் தரேள். நாளைக்கு ஏதாவது வந்தா உங்க தலைமேலதான் வரும்."

"பின்ன யாரு தலையில வரணும்? சேத்தது நான்தானே. எழுதுங்க."

எழுதினார். படித்துக் காட்டச் சொன்னேன். "சந்தர்ப்ப சூழ்நிலையால்" என்று ஒரு வார்த்தை நடுவில் வந்தது. அதை எடுக்கச் சொன்னேன். சந்தர்ப்பமும் சூழ்நிலையும் வந்து பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். கட்டைவிரல் போதும் என்று மை டப்பாவை நகர்த்தினார், தள்ளி வைத்துவிட்டேன்.

எல்லாம் உமாவுக்குப் போனது. முதல் கம்பெனி வேண்டாம் என்றது. நெஞ்சில் கை வைத்தவர்கள் அவர்களுக்கு ஆகாதாம். இரண்டாவது கம்பெனி ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பேப்பரோடு ஒத்துப்போகிறது என்று சேர்த்துக்கொண்டது. அதற்கும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஒன்பது வயதில் அடைத்த ஓட்டைக்கு இன்னும் தண்டம். விசா கிடைத்துவிட்டது. உமா வீடியோவில் அந்தப் புது இன்சூரன்ஸ் அட்டையைக் காட்டினாள். அதில் அவள் போட்டோ இருந்தது, அவள் பெயரும் இருந்தது. கொஞ்ச நேரம் பிடித்துக் காட்டு என்றேன்.

இதுவரைக்கும் எழுதியதைக் கொண்டுபோய்ச் செயலாளரிடம் காட்டினேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அத்தை, இது மலரு. குடும்ப விவகாரம் எதுக்கு? ஜெர்மனியோட நிறுத்திக்குவோமா? ஊருல என்ன நினைப்பாவ?"

"ஊரு நெனச்சதுனாலதான் எழுதுதேன். ஒரு வரி அடிச்சாலும் நாலு பக்கத்தையும் திருப்பிக் குடு."

அடிக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஊரில் இருக்கும் நீங்கள் இந்த வரியைப் படிக்கிறீர்கள் என்றால் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார் என்று அர்த்தம்.

தங்கத்துக்கு: காலில் விழமாட்டேன். அது உனக்கும் தெரியும்.

கோமதியின் மாமியாருக்கு: உங்கள் மருமகள் குடம் தூக்கலாம். இரண்டு குடமாகவும் தூக்கலாம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தாராவியில் என் வீட்டுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்ட அம்மாளுக்கு: உங்கள் வீட்டுக்கும் இந்த மலர் வரும். உங்கள் மகன் வேறு இடத்தில் கட்டி நன்றாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன், இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் என்று கேட்டீர்கள். நான் பேப்பரைப் பார்க்கச் சொன்னேன். பேப்பரை விடுங்கள், இப்போது நான் சொல்கிறேன்.

என் பிள்ளைக்கு.